ஒழுகினசேரி வில்லுக்காரர்

நாகர்கோவில் மணிமேடைச் சந்திப்பில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் சிலை நிற்கிறது. நாலு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற இடம். ஆண்டுக்கு இரண்டு நாள், பிறந்தநாளான நவம்பர் 29-லும் நினைவுநாளான ஆகஸ்ட் 30-லும், அந்தச் சிலைக்கு மாலை விழும். கட்சிக்காரர்கள் வருவார்கள், அதிகாரிகள் வருவார்கள், கலைஞர்கள் வருவார்கள். 'சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார்' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். வெயில் ஏறுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். அந்த வாக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு வினைச்சொல் மட்டும் விட்டுப்போகிறது. அவர் பாடினார்.

எங்கள் ஆச்சிக்குச் சினிமாக்காரர்கள் பெயர் அதிகம் தெரியாது. கலைவாணர் பேச்சு வந்தால், "ஒழுகினசேரி கிருஷ்ணன் பாட்டுக்காரன்லா" என்பாள். நடிகர் என்று அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. சின்ன வயதில் அதை ஆச்சியின் அறியாமை என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பிறகு, படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்கத் தொடங்கிய நாளில்தான், ஆச்சி சொன்னதுதான் சரி என்று பட்டது. தமிழ் சினிமாவின் முதல் பெரிய நகைச்சுவை நடிகர் என்று நாம் கொண்டாடுகிறவர் அடிப்படையில் ஒரு வில்லுப்பாட்டுக்காரர். வில்லை எடுத்துக்கொண்டு நாடகக் கொட்டகைக்கும், அங்கிருந்து சினிமாக் கொட்டகைக்கும் போனவர்.

பெற்றோர் பெயர் இரண்டு

1908 நவம்பர் 29-ஆம் தேதி, பழையாற்றங்கரை ஒழுகினசேரியில் பிறந்தார். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. அப்பா பெயர் சுடலைமுத்து. அம்மா பெயர் இசக்கியம்மாள்.

வெளியூர் வாசகர்கள் இந்த இரண்டு பெயரையும் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்து ஆள் அப்படிப் போக முடியாது. சுடலைமாடனும் இசக்கியும்தான் வில்லுப்பாட்டின் இரண்டு பெரிய கதைகள். தெற்கே கொடை நடக்கிற கோயில்களில் பாதிக்கு மேல் இவர்களில் ஒருவராவது இருப்பார். ஆரல்வாய்மொழி தாண்டினால் முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில். இன்று அதைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. திருநெல்வேலி பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது இன்றைக்கும் ஒரு கை கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இசக்கியின் கதை வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண்ணின் கதை. கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சுடலையின் கதையில் அச்சம் இருக்கும், அதே அளவுக்குக் குசும்பும் இருக்கும். ஒரு குழந்தை இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் பிறந்தது தற்செயல்தான். ஆனால் அந்தப் பெயர்கள் புழங்கிய வீட்டில், அந்தக் கதைகள் காதில் விழாமல் ஒரு பிள்ளை வளர்ந்திருக்க வழியில்லை.

வில்லுப்பாட்டைக் கிட்ட இருந்து பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு எதிரே பந்தல். தரையில் பாய். வைக்கோல் புரியின் மேல் ஒரு மண்குடம். அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டிய வில், ஆள் உயரத்தையும் தாண்டி நீளும். வில்லில் வரிசையாக மணிகள். நாண் தோலில் முறுக்கியது. நடுவில் உட்காருகிறவர் கையில் இரண்டு வீசுகோல்கள். அவற்றிலும் மணி உண்டு. வீசி நாணில் அடித்தால் நாண் அதிர, வில் அதிர, மணியெல்லாம் ஒரே நேரத்தில் குலுங்கும். குடக்காரர் ஒரு கையால் குடத்தின் வாயில் பத்தி என்னும் தட்டியை அறைவார், இன்னொரு கையில் உள்ள காசால் அதன் வயிற்றில் தட்டுவார். அந்த 'தொம்' என்ற ஓசை காதுக்கு வருவதற்கு முன் அடிவயிற்றுக்கு வந்துவிடும். பக்கத்தில் உடுக்கு, தாளம், கட்டை.

முதலில் காப்பு. பிறகு வருபொருள் உரைப்பார்கள், அதாவது இன்றைக்கு என்ன கதை என்று சொல்லிவிடுவார்கள். குருவை வணங்கி, சபைக்கு அடங்கி, நாட்டு வளம் பாடி, அதன் பிறகுதான் கதை. முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். நடுநடுவே வசனம் வரும். வசனத்துக்கு வசனம் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். வெறும் 'ஆமா'வோடு நிற்பதில்லை, "அதெப்படி?" என்பார், "பொறவு?" என்பார், சில சமயம் முன்பாட்டுக்காரரையே மடக்குவார். கூட்டம் சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் குடம் முழங்கும், கதை சாவுக்குள் நுழைந்துவிடும். சாமக்கொடை நேரத்தில் வேகம் கூடும். சாமியாடிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். பாட்டு சரியாக அமையாவிட்டால் சாமி வராது, சாமி வராவிட்டால் பாட்டுக்காரருக்கு மரியாதை கிடையாது. இதைவிடக் கறாரான ரசிகர் கூட்டத்தை எந்த சபாவிலும் நான் பார்த்ததில்லை.

சிரிப்பும் அழுகையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் கலை இது. கலைவாணரைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே சாவி இதுதான்.

கொட்டகைச் சோடா

வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு முடிந்தது. நாடகக் கொட்டகையில் சோடா விற்ற பையன், விற்றுக்கொண்டே நாடகத்தை மனப்பாடம் செய்தான். டி.கே.எஸ். சகோதரர்களின் மதுரை ஸ்ரீபால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைக்காத வேலை இல்லை. யாராவது வேடக்காரர் வராவிட்டால் கிருஷ்ணனைக் கூப்பிடு என்ற நிலை. எல்லார் வசனமும் பாட்டும் அவருக்குத் தெரியும்.

அந்தச் சபை நடத்திய 'தேசபக்தி' நாடகத்தில்தான் முக்கியமான ஒன்று நடந்தது. முப்பதுகளின் தொடக்கம், தேசியப் போராட்டம் சூடாக இருந்த நேரம். நாடகத்துக்கு நடுவே கிருஷ்ணன் வில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து காந்தியின் கதையைப் பாடினார். சுடலைமாடனும் இசக்கியும் முத்துப்பட்டனும் இருந்த இடத்தில் காந்தி! அன்று கொட்டகையில் இருந்த பலருக்கு இது வேடிக்கையாக இருந்திருக்கலாம். தெற்கே இருந்து வந்தவருக்கு அதில் புதுமை எதுவும் தோன்றியிருக்காது. அநியாயமாகச் செத்தவரையும், அநியாயத்தை எதிர்த்தவரையும் சாமியாக்கிப் பாடுவதுதான் வில்லின் வேலை. காந்தி அந்த வரிசையில் இயல்பாகவே வந்து உட்கார்ந்தார். 1948-இல் காந்தி கொல்லப்பட்ட பிறகு, நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் தம் சொந்தச் செலவில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியவரும் இவரே. நடுகல் நட்டுக் கதை பாடும் வழக்கத்தின் நீட்சியாகவே அதை நான் பார்க்கிறேன்.

சினிமாவுக்கு வந்த கதையை விரிக்க வேண்டியதில்லை. 1935-இல் 'மேனகா', அடுத்த ஆண்டு எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆர். முகம் காட்டிய முதல் படமும் இதுதான். 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காகப் புனே போனபோது ஸ்ரீரங்கத்துக்காரரான டி.ஏ. மதுரம் அறிமுகமானார். அங்கிருந்து இருபது ஆண்டுகள் இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல ஆளில்லை. ஒழுகினசேரியில் அவர் கட்டிய வீட்டின் பெயரே 'மதுர பவனம்'.

மதுரத்தை ஜோடி நடிகை என்று மட்டும் சொன்னால் அவருக்குக் குறை செய்தவர்களாவோம். இரண்டு பேரும் சேர்ந்து வருகிற எந்தக் காட்சியையும் எடுத்துக் கவனியுங்கள். கிருஷ்ணன் ஒன்று சொல்வார், மதுரம் கேள்வி போடுவார். கிருஷ்ணன் பாட்டை எடுப்பார், மதுரம் வாங்கித் திருப்பிக் கொடுப்பார், கொடுக்கும்போது ஒரு குத்தும் வைப்பார். வில்லில் 'ஆமா' போடுகிறவரின் இடம்தான் இது. வில்லின் பாயில் ஆண் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் சினிமாவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பெண் கேள்வி கேட்கும்போது 'ஆமா'வின் பொருளே மாறிவிடுகிறது. கணவன் பெருமை பேசுவான், அவள் "சரி, அதற்கு அப்புறம் அடுப்பு எரியுமா?" என்ற தோரணையில் ஒரு பார்வை பார்ப்பாள். அதே வேளையில், பெண்களுக்குப் புத்தி சொல்லும் அவருடைய பாட்டுகள் சில இன்று கேட்கையில் நெளிய வைக்கின்றன. அதை மறைத்துப் புகழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

அந்தக் காலப் படங்களில் கிருஷ்ணன்-மதுரம் பகுதிக்கும் மூலக்கதைக்கும் பல சமயம் ஒட்டே இருக்காது. அவர் தம்முடைய குழுவை வைத்து நகைச்சுவைப் பகுதியைத் தனியாகவே உருவாக்கிக் கொடுப்பார். படத்தோடு அது சேர்க்கப்படும். 'சகுந்தலை' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் இருக்கிறார்கள், கர்நாடக இசையின் இரண்டு சிகரங்கள். நடுவில் டி.எஸ். துரைராஜோடு மீனவராக வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார் கிருஷ்ணன். இலக்கணப்படி அது ஒட்டாத துண்டு. கொடையில் நாலு மணிநேரக் கதைக்கு நடுவே வில்லுக்காரர் பக்கத்து வீட்டுச் சங்கதியை இழுத்துப் பேசிக் கூட்டத்தைத் தட்டி எழுப்புவாரே, அந்தத் துண்டு மாதிரி. ஜனங்கள் அதற்காகவே டிக்கெட் வாங்கினார்கள்.

பாட்டு யாருடையது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கலைவாணர் பாடிய பிரபலமான பாட்டுகள் பலவற்றை எழுதியவர் உடுமலை நாராயண கவி. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துப் பூளவாடிக்காரர், நாடகத்தில் ஊறியவர். அப்படியிருக்கக் கலைவாணரைப் பாட்டுக்காரர் என்றால் சரி, பாட்டைப் படைத்தவர் என்று எப்படிச் சொல்வது?

வில்லில் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் உண்டு. கதைக்கு ஏடு இருக்கும். ஏட்டை எழுதிய புலவர் வேறு, வில் முன்னால் உட்காருகிறவர் வேறு. ஆனாலும் அன்றைய பாட்டு வில்லுக்காரருடையது. எங்கே நிறுத்துவது, எந்த அடியை மூன்று தடவை திருப்புவது, எங்கே பாட்டை உதறிவிட்டுப் பேச்சுக்கு இறங்குவது, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவர் கையில். உடுமலையார் எழுதியதைக் கிருஷ்ணன் ஒப்பித்தார் என்று யாரும் நினைக்க முடியாது. என்ன விஷயம், எந்த வடிவம், எங்கே குத்து என்பதில் கிருஷ்ணனின் கை இருக்கிறது என்பதைக் கேட்கிற காதே சொல்லும். உடுமலையார் வேறு நடிகர்களுக்கு எழுதிய பாட்டுகளையும் இவருக்கு எழுதியவற்றையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். இவருக்கு எழுதியவற்றில் ஒரு பேச்சுக்காரன் உள்ளே உட்கார்ந்துகொண்டிருப்பான்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.கே. தியாகராஜ பாகவதர் குரல்போல் மூன்று ஸ்தாயியில் பறக்கிற குரல் அல்ல அது. சற்றே மூக்கில் தங்கும், ஓரம் கொஞ்சம் கரகரக்கும். சுருதி விலகாது. வார்த்தையை விழுங்காது. அவர் பாடிய பாட்டில் ஒரு சொல்லைக்கூட 'என்ன சொன்னார்?' என்று திரும்பக் கேட்க வேண்டி வராது. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரன் வரைக்கும் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பழகிய குரல்.

முப்பது மாதம்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியானது. நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், கூடவே கிருஷ்ணனும் மதுரமும். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட படம். படம் வந்த சில வாரங்களில், நவம்பர் 8 அன்று, 'இந்து நேசன்' என்ற மஞ்சள் பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் தண்டனை நிலைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகே வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஏறத்தாழ முப்பது மாதச் சிறை.

இதில் என்னை எப்போதும் உலுக்குவது ஒன்று உண்டு. பிராட்வேயில் அத்தனை நாளும் தினமும் திரையில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜனம் கை தட்டிக்கொண்டிருந்தது. பாடியவர்கள் இருவரும் சிறைக்குள் இருந்தார்கள்.

வெளியே வந்த பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. பாகவதர் 'ராஜமுக்தி', 'அமரகவி', 'சியாமளா' என்று முயன்றார். எதுவும் பழைய உயரத்தைத் தரவில்லை. குரல் குறைந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குரல் பாடிவந்த உலகம்தான் போய்விட்டது. அது கடவுளிடமும் காதலியிடமும் உருகுகிற குரல். 1947-க்குப் பின் கொட்டகைக்கு வந்தவர்களுக்கு வேறு விசாரம் இருந்தது: ரேஷன், சம்பளம், படிப்பு, சாதி. கிருஷ்ணனுக்கோ அதுதான் ஊற்று. வில்லுக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிய சங்கதி வேண்டும். ஒரே நையாண்டியை இரண்டு கொடையில் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். சிறையை விட்டு வந்த கிருஷ்ணன் தம் வாழ்வின் மிகச் சிறந்த பாட்டுகளைப் பாடியது அதன் பிறகுதான்.

அவர் உள்ளே இருந்தபோது மதுரமும் எஸ்.வி. சகஸ்ரநாமமும் நாடகக் குழுவைக் கலையவிடாமல் காப்பாற்றினார்கள். 'பைத்தியக்காரன்' படமும் அந்தக் காலத்தில் தொடங்கியதே. விடுதலையானதும் அதில் அவருக்கும் இடம் வைத்தார்கள்.

கிந்தன் பட்டணம் போகிறான்

1949-இல் 'நல்லதம்பி'. அண்ணாவின் எழுத்தில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வந்த படம். மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதும் அமலுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். படமும் குடியை ஒரு பிடி பிடித்தது. விஞ்ஞானத்தைப் பற்றிய பாட்டு ஒன்று அதில் உண்டு. வீட்டு வேலையெல்லாம் விசையைத் தட்டினால் நடக்க வேண்டும் என்று கணவனும் மனைவியும் கனவு காண்கிற பாட்டு. மிக்சியும் கிரைண்டரும் நம் வீடுகளுக்கு வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் விடை கொடுத்துவிட்ட பாட்டு அது.

ஆனால் 'நல்லதம்பி'யின் உச்சம் 'கிந்தனார்' காலட்சேபம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை அறியாத தமிழ்க் கச்சேரி ரசிகர் அன்று இல்லை. சிதம்பரம் போகவேண்டும் என்று ஏங்குகிற நந்தன், விடமாட்டேன் என்கிற ஆண்டை, கடைசியில் நெருப்பில் குளித்து எழுந்தால்தான் தரிசனம். உடுமலையாரும் கிருஷ்ணனும் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். காலட்சேபப் பாகவதர் கோலம், பின்பாட்டு, ராக ஆலாபனை, நடுவில் உபகதை எல்லாம் உண்டு. உள்ளே இருக்கிற ஆள்தான் வேறு. கிந்தன் ஏழைப் பையன், ஒடுக்கப்பட்டவன். அவன் ஏங்குவது படிப்புக்கு. போக நினைப்பது பட்டணத்துக்கு. ரயிலேறிப் போகிறான், படிக்கிறான், அதிகாரியாகத் திரும்புகிறான். நெருப்புக்குழி கிடையாது.

கேட்கும்போது முதலில் சிரிப்புதான் வரும். ஆங்கிலச் சொல்லை ஆலாபனை செய்வார், ரயில் ஓட்டத்தைத் தாளத்தில் போடுவார். பிறகு மெல்ல உறைக்கும். நந்தன் கதையில் எது நம்மைக் கண்ணீர் விட வைத்ததோ, அது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று இந்தச் சிரிப்புக்குள் இருந்து தெரியவரும். மேடை போட்டு ஒரு மணிநேரம் பேசினாலும் இந்த வேலை நடக்காது. மேடைகளிலும் கிந்தனாரை அவர் பாடிவந்தார். நகைச்சுவைக் காட்சி என்று அதை ஒதுக்குகிறவர்கள், கோபாலகிருஷ்ண பாரதிக்குப் பின் தமிழில் வந்த முக்கியமான இசை நாடகம் ஒன்றை ஒதுக்குகிறார்கள் என்பதே என் கட்சி.

நையாண்டியும் சமூகக் கோபமும் செய்யுளில் சேர்வது நாஞ்சில் மண்ணுக்கு முன்பே பழக்கம். தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள் வழிச் சொத்துரிமை செய்த கூத்தை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் பாடியிருக்கிறார். சிரிக்கச் சிரிக்கப் படித்து, கடைசியில் அந்தப் பெண்ணின் நிலைமைக்கு நெஞ்சு கனக்கும். கிருஷ்ணனைவிட ஒரு வயது மூத்த ஜீவா பக்கத்துப் பூதப்பாண்டிக்காரர். அவரும் மேடைக்குப் பாட்டுக் கட்டியவர். சில மைல் வட்டத்துக்குள் இத்தனை பேர்.

ஒன்றாம் தேதியும் ஒரு சிரிப்பும்

1955-இல் வந்த 'முதல் தேதி'யில் ஒரு பாட்டு. மாதச் சம்பளக்காரனின் முப்பது நாள்தான் பொருள். முதல் இருபது நாள் கொண்டாட்டம், அதன் பிறகு திண்டாட்டம். இவ்வளவுதான் விஷயம். தேதிகளை அவர் எண்ணிக்கொண்டு போகிற விதத்தைக் கவனியுங்கள். வில்லில் நாட்டு வளம் பாடும்போது ஆறு, குளம், வயல், தோப்பு என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். அடுக்க அடுக்க வேகம் கூடும். இங்கே வளத்துக்குப் பதில் பற்றாக்குறையை அடுக்குகிறார். தொண்டையில் சிரிப்பு இருக்கிறது, சொல்லில் வயிற்றெரிச்சல் இருக்கிறது. எழுபது ஆண்டுகள் ஆகியும் மாதக்கடைசியில் அந்தப் பாட்டு நினைவுக்கு வராத சம்பளக்காரர் குறைவு. ஏ.டி.எம். கார்டும் செல்போன் கட்டணமும் வந்தும் இருபதாம் தேதி மட்டும் நகரவே இல்லை.

அடுத்த ஆண்டு 'ராஜா ராணி'யில் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டு. சிரிப்பின் வகைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக் காட்டுவார். பாடிக்கொண்டே சிரிப்பது எத்தனை கடினம் என்று பாடுகிறவர்களைக் கேளுங்கள். மூச்சு சிதறினால் சுருதி போகும். அவர் ஒவ்வொரு சிரிப்பையும் தாளத்துக்குள் அடக்குகிறார். சிரித்து முடித்த மூச்சிலேயே அடுத்த அடியைப் பிடிக்கிறார். எனக்கு இந்தப் பாட்டு முழுக்கச் சந்தோஷமான பாட்டாகத் தோன்றியதே இல்லை. முப்பது மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த மனிதர் சிரிப்பைப் பிரித்து வைத்துக் கணக்குப் பார்க்கிறார் என்று தோன்றும்.

இதற்கிடையே அவர் படங்களும் இயக்கினார். 'மணமகள்' படத்தில் பத்மினி கதாநாயகியானார். 1952-இல் 'பணம்' படத்தில் தி.மு.க. என்ற எழுத்துகளை வைத்துப் பாடி, அதற்குத் திருக்குறள் முன்னேற்றக் கழகம் என்று பொருள் சொன்னது அந்தக் காலத்துப் பெரும் பேச்சு.

வில்லையும் அவர் விடவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரின் எழுத்தைக் கண்டு சென்னைக்கு அழைத்து வந்தார். தம் படங்களுக்கு எழுத வைத்தார், வில்லுப்பாட்டில் பக்கத்தில் உட்கார வைத்தார். கோயில் வாசலிலேயே இருந்த வில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வெளிநாட்டு மேடைக்கும் போனது சுப்பு ஆறுமுகம் வழியாகத்தான். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022 அக்டோபரில் தொண்ணூற்று நான்கு வயதில் மறைந்தார். வில்லில் குருவடி பாடுவது வெறும் சடங்கில்லை; கலைவாணரைத் தம் குருவாகச் சொல்லாமல் அவர் பேசி முடித்ததில்லை.

1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசப்போன கதை பலருக்குத் தெரிந்திருக்கும். எதிரே நின்றவர் ஒரு டாக்டர். மேடை ஏறிய கலைவாணர் அந்த டாக்டரைத்தான் புகழ்ந்தாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு உதவுகிறவர் என்று நீட்டிக்கொண்டே போனாராம். கட்சிக்காரர்களுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், இப்படிப்பட்ட டாக்டரை நீங்கள் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அண்ணாவை அனுப்புங்கள் என்றாராம். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறிய கதையாக இருக்கலாம். ஆனால் அந்தத் திருப்பம் வில்லுக்காரருடையது.

கொடை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் இரண்டு பொருள். ஒன்று கோயில் திருவிழா. இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்தது. அவர் வாரிக் கொடுத்த கதைகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லியே பாட்டை மறந்துவிட்டோம். சம்பாதித்ததெல்லாம் போனது, கடைசி நாட்களில் கையில் பெரிதாக எதுவும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தது. சொந்த ஊர் தமிழகத்துக்குள் வந்த பிறகு அவர் உயிரோடு இருந்தது பத்து மாதம்தான். 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி சென்னையில் காலமானார். நாற்பத்தொன்பது வயது நிறையவில்லை. 1937-இல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி'யிலும் அவர் இருந்தார். இருபது ஆண்டுகள் கழித்துச் சிவாஜி நடித்த 'அம்பிகாபதி'யிலும் இருந்தார். இரண்டாவது படம் வெளியானபோது அவர் இல்லை.

1969 ஜனவரியில் சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். உடல் தளர்ந்த நிலையில் அண்ணா வந்த அந்த விழாவே அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சியானது. வாலாஜா சாலையில் உள்ள அரங்கத்துக்குக் கலைவாணர் பெயர் இருக்கிறது. கொரோனா காலத்தில் தமிழகச் சட்டமன்றமே அங்கே உட்கார்ந்து பேசியது. சிலை உண்டு, அரங்கம் உண்டு, தூண் உண்டு. அவர் பாடிய பாட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கி, யார் எழுதியது, எந்தப் படம், எந்த மேடை என்ற விவரத்தோடு ஒழுகினசேரியிலோ நாகர்கோவிலிலோ ஒரு பையன் போய் உட்கார்ந்து கேட்க ஓர் அறை வேண்டாமா? பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. பாட்டுகளும் பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன.

அது வருகிறபோது வரட்டும். அடுத்த நவம்பர் 29 அன்று சிலைக்கு மாலை போடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மைக் செட்டைக் கட்டியதும் பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் 'முதல் தேதி' பாட்டைப் போடுங்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நின்று கேட்கட்டும்.